விரிசலை அடைக்கும் நுண்ணுயிர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நிலங்களில் இன்று ஆலைகள் நிற்கின்றன. எங்கு பார்த்தாலும் கான்கிரீட். அந்தக் கான்கிரீட்டைப் பற்றி விஞ்ஞானம் ஒரு நல்ல சேதி சொல்கிறது: தன் வெடிப்பைத் தானே அடைத்துக்கொள்ளும் கான்கிரீட்டை மனிதன் செய்துவிட்டான்!

ஹாலந்து நாட்டின் டெல்ப்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ் என்னும் விஞ்ஞானி 2006-ல் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். கலவை போடும்போதே பேசில்லஸ் இனத்து பாக்டீரியாவின் வித்துக்களையும், அவற்றுக்கு இரையாகக் கால்சியம் லாக்டேட் என்ற உப்பையும் சேர்க்கிறார்கள். வித்துக்கள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். கான்கிரீட் வெடித்துத் தண்ணீரும் காற்றும் நுழைந்தால் விழித்துக்கொள்ளும். இரையைத் தின்று சுண்ணாம்புக்கல்லை உண்டாக்கும். அது வெடிப்பை மூடும். பிறகு கம்பிக்குத் தண்ணீர் எட்டாது, துருவும் ஏறாது. துருப்பிடித்த கம்பி பருத்துக் காரையைப் பெயர்த்துத் தள்ளும் என்பதைத் தொகுப்பு வீட்டில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளையின் தலைமாட்டில் விழுந்த காரைக்கட்டியை அவர் கையால் எடுத்து எறிந்திருக்கிறார்.

நமது பழைய கொத்தனார்கள் கட்டிய சுண்ணாம்புச் சுவரிலும் மயிரிழை வெடிப்பு மழைத் தண்ணீர் பட்டுத் தானே மூடிக்கொள்வதுண்டு. அங்கே பாக்டீரியா இல்லை. சுண்ணாம்பு கரைந்து மறுபடி இறுகுகிறது, அவ்வளவுதான்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 'இஸ்ரோ'வுடன் சேர்ந்து, நிலவு மண் போன்ற மண்ணில் பாக்டீரியாவும் யூரியாவும் கொத்தவரைப் பிசினும் கலந்து செங்கல் செய்ததாக 2020-ல் அறிவித்தார்கள். நிலவில் வீடு கட்டுவதற்காம்! நாம் கேலி செய்யவில்லை. ஆனால் ஒழுகுகிற தொகுப்பு வீட்டுக்கு இந்த வித்தை எப்போது வரும்? சாதாரணக் கான்கிரீட்டைவிட இதற்கு விலை அதிகம். லாபக் கணக்குப் பார்ப்பவன் ஏழையின் கூரைக்கு இதைப் போடுவானா? சர்க்கார்தான் போட வேண்டும். குடிதண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், தொகுப்பு வீடு ஆகியவற்றிலிருந்து தொடங்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வித்துக்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வெடிப்பைத்தான் அடைக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னைக்குப் போகிற வழியில், போரூர் அருகே மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினோரு மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் ஆந்திரம், ஒடிசா, தமிழகத்திலிருந்து பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். இடி விழுந்ததுதான் காரணம் என்று கட்டியவர்கள் தரப்பில் சாக்குச் சொன்னார்கள்! அந்த வெடிப்பை எந்த பாக்டீரியா அடைக்கும்? "தானே ஆறிவிடும்" என்று சொல்லிக்கொண்டு சிமெண்டைக் குறைக்கவும், தண்ணீர் விட்டு நனைக்கும் நாட்களைக் குறைக்கவும் துணியும் கண்ட்ராக்டருக்கு இந்தக் கண்டுபிடிப்பு கேடயமாகிவிடக் கூடாது.

ஆகவே நாம் கோருவது இது: கலவையையும் கம்பியையும் பார்வையிடத் தொழிற்சங்கப் பிரதிநிதிக்கு ஒவ்வொரு கட்டடத்திலும் உரிமை வேண்டும். வெடிப்பைக் கண்டு வேலையை நிறுத்தச் சொல்லும் சித்தாளுக்கு, அவர் ஒடியா பேசினாலும் இந்தி பேசினாலும், அன்றையக் கூலி முழுசாகக் கிடைக்க வேண்டும்.