பச்சைக் கட்சி கூட்டணி வச்சா சாயம் போயிடுமா?

கொஞ்ச நாளா இந்தப் பக்கமே தலை காட்டல மக்களே, ஆபிஸ்ல ஆணி ஜாஸ்தி. போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நண்பன் ஒருத்தனோட வாக்குவாதம். "சுற்றுச்சூழல் பேசுற கட்சி கூட்டணி வச்சா வெல போயிட்டாங்கன்னு அர்த்தம்டா"ங்கறான் அவன். எனக்கு அப்படித் தோணல.

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். 2012-ல நான் ஸ்கூல் பையன். ஊர்ல பாதி நாள் கரண்ட் இருக்காது. கொசுக்கடியில மெழுகுவர்த்தி வச்சுப் படிச்சுக்கிட்டே இடிந்தகரைக்காரங்களைத் திட்டியிருக்கேன், "இவங்க வழி விட்டா கரண்ட் வந்துரும்ல"ன்னு. அந்தப் போராட்டத்துல ஆயிரக்கணக்கான பேர் மேல தேசத்துரோக வழக்கு போட்டாங்கங்கறது காலேஜ் போன பிறகுதான் தெரிஞ்சுது. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் இருக்கு.

போராட்டத்தை நடத்தின சுப. உதயகுமார் 2014-ல ஆம் ஆத்மி சார்பா கன்னியாகுமரியில நின்னார். டெபாசிட் காலி. அணு உலை விஷயத்துல கட்சி தெளிவா பேசலன்னு அதே வருஷம் வெளிய வந்துட்டார். அப்புறம் வந்ததுதான் 'பச்சைத் தமிழகம்'. 2016-ல கூடங்குளம் இருக்கிற ராதாபுரம் தொகுதியிலேயே நின்னு தோத்தார். அந்தத் தொகுதியில அதிமுக இன்பதுரை, திமுக அப்பாவுவை ஜெயிச்சதா அறிவிச்ச வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? வெறும் 49 ஓட்டு! அப்படிப்பட்ட இடத்துல அணு உலை எதிர்ப்பு ஓட்டுக்கு எவ்வளவு பேரம் பேசியிருக்கலாம்? தனியா நின்னதுல அந்த பலம் வீணாப் போச்சுங்கறது என் கருத்து.

இப்ப அடுத்த கேஸ். பாமகவை பச்சைக் கட்சின்னு சொன்னா அடிக்க வருவீங்க. அவங்க சாதி அரசியல் மேல எனக்கும் கோபம் உண்டு. ஆனா 1995-லேயே 'பசுமைத் தாயகம்' ஆரம்பிச்சவங்க. 1998 அதிமுக, 1999 திமுக, 2001 அதிமுக, 2004 திமுக... மூச்சு வாங்குது. 2019-ல மறுபடி அதிமுக. எங்க திண்டுக்கல்லயும் பாமக நின்னுச்சு, அஞ்சு லட்சத்துக்கு மேல வித்தியாசத்துல மண்ணைக் கவ்வுச்சு. நின்ன 7 தொகுதியும் அவுட்.

ஆனா கூட்டணிக்கு முன்னாடி அவங்க கொடுத்த 10 கோரிக்கையில காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிக்கணும்னு ஒண்ணு இருந்துச்சு. 2020-ல சட்டமே வந்துருச்சு. நெடுவாசல், கதிராமங்கலம் மக்கள் ரோட்டுல உக்காராம அது வந்திருக்காது, ஒத்துக்கறேன். ஏற்கெனவே ஓடிட்டிருந்த திட்டங்களை அந்தச் சட்டம் தொடல, அதுவும் சரி. ஆனாலும் எழுதிக் கேட்டதுக்கு ஒரு மதிப்பு இருந்துச்சா இல்லையா?

ஜெர்மனியைப் பாருங்க. 1980-ல ஆரம்பிச்ச பச்சைக் கட்சி 1983-ல 5.6 சதவீத ஓட்டுலயே பார்லிமென்ட் போயிருச்சு. அங்க விகிதாச்சார முறை. நம்ம ஊர்ல அதே ஓட்டு தமிழ்நாடு முழுக்கப் பரவியிருந்தா கையில ஒரு முட்டைதான். 1998-ல அவங்க கூட்டணி ஆட்சியில சேர்ந்தாங்க. சமாதானம் பேசுன கட்சி கொசோவோ போரை ஆதரிச்சுது. 1999 மாநாட்டுல ஒருத்தர் ஃபிஷர் மேல சிவப்புச் சாயத்தை எறிஞ்சார். ஆனா 2002-ல அணு உலைகளை மூடுறதுக்குச் சட்டம் வந்துச்சு. நடுவுல தள்ளாடி, 2023 ஏப்ரல்ல கடைசி உலையும் மூடியாச்சு.

சின்னக் கட்சி கூட்டணி வைக்கட்டும், தப்பில்ல. எத்தனை சீட்டுன்னு கேக்குறதுக்கு முன்னாடி எந்த ஆறு, எந்த மலை, எத்தனை மாசத்துலன்னு எழுதி வாங்கட்டும். அந்தத் தாளை நம்மகிட்டயும் காட்டட்டும். நாளைக்கு எங்க மஞ்சளாறுக்காக ஒரு வரி எழுதி வாங்குற கட்சிக்கு, அவங்க யார்கூட நின்னாலும், என் ஓட்டு உண்டு.

டிஸ்கி: நான் எந்தக் கட்சியிலயும் மெம்பர் இல்லீங்கோ. டீக்கு காசு குடுத்தது நண்பன்தான், அதனால வாதத்துல ஜெயிச்சது அவன்தானாம். உங்க தீர்ப்பைப் பின்னூட்டத்துல சொல்லுங்க.