கெடு தேதியும் கைப்பொருளும்

களியக்காவிளையைக் கடந்ததும் தொடங்குகின்றன பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லையோரக் கிராமங்கள். 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோதிலும், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்த ஊர்களில் உறவும் கொடுக்கல் வாங்கலும் எல்லை பார்ப்பதில்லை. சிட்டி, கூட்டுறவு வங்கி, நகைக் கடன் என்று பழகிய இத்தகைய ஊர்களுக்கு, ஒரு காலத்தில் மும்பைத் தரகர்களின் விவகாரமாக மட்டுமே இருந்த ஆப்ஷன் வணிகம் இன்று கைப்பேசி வழியே வந்து சேர்ந்திருக்கிறது.

எல்லாமே கணினியை நம்பி நடைபெறும் சந்தையில், அந்தக் கணினியே ஒருநாள் தேதியைத் தவறவிட்டால் போட்ட பணம் என்னவாகும் என்கிற ஐயம் எழுவது இயல்பு. அது வெறும் கற்பனை அல்ல. 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை எண்ணி நேரம் கணிக்கும் பழைய 32 பிட் அமைப்புகளில், அந்த எண்ணிக்கைக்கான இடம் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8.44 மணிக்குத் தீர்ந்துவிடும். திருத்தப்படாத கணினிகள் அடுத்த நொடியில் 1901-ஆம் ஆண்டுக்குத் திரும்பிவிடக்கூடும். அன்று செவ்வாய்க்கிழமை. இன்றைய வழக்கப்படி பார்த்தால், பங்குச் சந்தையில் வணிகம் தொடங்க அரை மணி நேரமே இருக்கும்.

ஆயினும், அஞ்ச வேண்டியது இதற்காகத்தானா என்பதே கேள்வி. ஆண்டை இரண்டு இலக்கங்களில் மட்டும் பதிந்துவைத்ததால் நேரவிருந்த 2000-ஆம் ஆண்டுக் குழப்பம், பெரும் சேதமின்றிக் கடந்துபோனது. ஆபத்தின் நாள் முன்கூட்டியே தெரிந்திருந்ததும், உலகெங்கும் நிரலாளர்கள் பல ஆண்டுகள் உழைத்துப் பிழைகளைத் திருத்தியதுமே அதற்குக் காரணம். அந்தப் பணியால் இந்திய மென்பொருள் நிறுவனங்கள் வளர்ந்தன. அவற்றின் பங்குகளும் விலையேறின. முதலீட்டாளர்களுக்கு அடி விழுந்தது அதன் பிறகுதான். 2000 பிப்ரவரியில் 6,000 புள்ளிகளை ஒட்டி நின்ற சென்செக்ஸ், 2001 செப்டம்பரில் 3,000-க்கும் கீழே சரிந்தது. கணினி காட்டிய தேதி அந்தச் சரிவுக்குக் காரணமல்ல. மிதமிஞ்சிய பேராசையும் கேதன் பரேக் விவகாரம் போன்ற முறைகேடுகளும்தான் காரணம்.

அதே 2001-இல்தான் இந்தியச் சந்தையில் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் அறிமுகமாயின. ஓணத்துக்கு முன் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று நேந்திரங்குலைக்கு அச்சாரம் கொடுப்பதைப் போன்றது இது. குறித்த நாளுக்குள் விலை ஏறினால் ஆதாயம். ஏறாவிட்டால் அச்சாரம் முழுவதும் போய்விடும். பங்கை வாங்கியவர் விலை இறங்கினாலும் காத்திருக்கலாம். ஆப்ஷனை வாங்கியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதை விற்பவருக்கோ இழப்பு எங்கே நிற்கும் என்றே சொல்ல முடியாது. கணினிக்குக் கெடு 2038 என்றால், ஆப்ஷன் வாங்குபவருக்கு வாராவாரம் கெடு.

இதன் விளைவைச் செபி அமைப்பே கணக்கெடுத்து வெளியிட்டிருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்கு சார்ந்த முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் பணத்தை இழந்தனர். மொத்த இழப்பு ரூ.1.8 லட்சம் கோடிக்கும் அதிகம். 2023-24-இல் இவ்வாறு ஈடுபட்டோரில் 72 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் முதல் 30 பெருநகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். 2024-25-இலும் 91 விழுக்காட்டினர் இழப்பையே கண்டனர்.

இந்த எல்லைப்பகுதிக்குப் பணத்தை இழக்கும் வேதனை புதிதல்ல. பாறசாலையை அடுத்த பளுகல் பகுதியில் இயங்கிய நிர்மல் கிருஷ்ணா சிட்பண்ட் நிறுவனம் 2017-இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோரின் பணம் முடங்கியது. நிறுவனம் இருந்தது தமிழக எல்லைக்குள். பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் கேரளத்தினர். அங்கேயாவது முறையிட ஒரு கட்டடம் இருந்தது. கைப்பேசித் திரையில் கரைந்த பணத்துக்கு அதுவும் இல்லை.

தரகு நிறுவனங்களின் செயலிக்குள் நுழையும்போதே பத்தில் ஒன்பது பேர் இழக்கிறார்கள் என்கிற எச்சரிக்கையைக் காட்ட வேண்டும் என்று 2023 ஜூலை முதல் செபி கட்டாயமாக்கியுள்ளது. குறியீட்டெண் ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பு 2024 நவம்பரில் ரூ.15 லட்சமாக உயர்த்தப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவையே என்றாலும் போதுமானவை அல்ல. எச்சரிக்கை வாடிக்கையாளரின் தாய்மொழியில், நுழையும்போது மட்டுமன்றி ஒவ்வொரு முறை வாங்கும்போதும் தோன்ற வேண்டும். எல்லையோர ஊராட்சிகளும் கூட்டுறவு வங்கிகளும் குடும்பஸ்ரீ குழுக்களும் கிராம நூலகங்களும் தமிழிலும் மலையாளத்திலும் விழிப்புணர்வு வகுப்புகளை நடத்தலாம். புகார்களை இரு மாநிலக் காவல் துறைகளும் எல்லை பேசித் தட்டிக்கழிக்காமல் ஏற்கும் கூட்டு ஏற்பாடும் தேவை.

2038-ஐப் பங்குச் சந்தைகளும் வங்கிகளும் இப்போதே சோதித்துச் சரிசெய்ய வேண்டும். அது நிறுவனங்களின் கடமை. செய்யக் கால அவகாசமும் இருக்கிறது. ஆனால் மகளின் திருமணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் சேர்த்த பணத்தை ஒரு வாரக் கெடுவில் பணயம் வைக்கும் குடும்பத்துக்கு அந்த அவகாசம் இல்லை. கணினியின் தேதியைத் திருத்திவிடலாம். கரைந்துபோன சேமிப்பைத் திருத்த வழியில்லை.