காணவில்லை என்பதும் இல்லை என்பதும்



சமூகவியலில் பட்டம் பெற்று, கண்டியில் சில வருடங்களாகச் சமூகப் பணி செய்துவரும் நான், இப்போது மீண்டும் மாணவியாகியிருக்கிறேன். கலகா சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி, பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடந்து, மெய்யியல் முதுகலை வகுப்புக்குப் போகிறேன். "மெய்யியல் சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். படிப்பைப் பற்றி இன்னொரு கேள்வியை ஓர் அம்மா கேட்டார். அதைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறேன்.

அவர் முல்லைத்தீவைச் சேர்ந்தவர். கண் சிகிச்சைக்காகக் கண்டிக்கு வந்து, கட்டுகஸ்தோட்டையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவருடைய கணவரைக் கண்டவர் எவருமில்லை. காணியோ கணவரின் பெயரில் இருக்கிறது.

"பிள்ளை, பொட்டு வைச்சால் ஒரு கதை, வைக்காட்டி இன்னொரு கதை. மரணச் சான்றிதழை எடு எண்டு சொல்லுகினம். நான் என்ரை கண்ணாலை காணேல்லை. பிறகு எப்பிடிச் செத்துப்போனார் எண்டு கையெழுத்து வைக்கிறது? உங்கடை படிப்பு இதுக்கு ஏதும் சொல்லுதோ?"

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சமூகவியல் எனக்கு எண்ணக் கற்றுத் தந்தது: எத்தனை குடும்பங்கள், எந்த மாவட்டம், குடும்பத்துக்குத் தலைமை யார் என்று. அந்த அம்மா கேட்டதோ வேறு. 'ஒன்றை அறிந்தேன் என்று எப்போது சொல்லலாம்?' என்பதுதான் அவருடைய கேள்வி. மெய்யியலில் அறிவாராய்ச்சியியல் என்ற பகுதி முழுவதும் இக்கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

பேராதனையில் இக்கேள்வி புதியதல்ல. அங்கு மெய்யியல் பேராசிரியராக இருந்த கே.என். ஜயதிலக்க (1920–1970), ஆதி பௌத்தத்தின் அறிவுக் கொள்கை பற்றிய தமது நூலை 1963 இல் வெளியிட்டார். எதை, எவ்வாறு அறிகிறோம் என்பதே அதன் பொருள்.

நமது தமிழிலும் இந்த விசாரணை உண்டு. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை, முதலில் அமுதசுரபியால் பசித்தவர்களுக்குச் சோறிடுகிறாள். பிறகு வஞ்சி நகருக்குப் போய்ச் சமயவாதிகளிடம் கேள்வி கேட்கிறாள். இளம்பெண் என்றால் எவரும் பொருள் உரைக்கமாட்டார்கள் என்பதால், ஒரு தவசியின் வடிவெடுத்தே போகிறாள். சோறா, படிப்பா என்று கேட்பவர்களுக்கு இது போதும். அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

அங்கே அளவைவாதி என்பவன், அறிவு நமக்கு வரும் வழிகள் பத்து என்று சொல்கிறான். கண்ணால் காண்பது ஒரு வழி. கண்டதைக் கொண்டு காணாததைக் கருதுவது இன்னொரு வழி. அந்தப் பத்தில் 'அபாவம்' என்பதும் ஒன்று. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவதே அது. வெறும் தரையைப் பார்த்து, அங்கே குடம் இல்லை என்று அறிகிறோம் அல்லவா? ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்று பழைய இந்திய மெய்யியலாளர்கள் வாதித்தார்கள். குடம் அங்கே இருந்திருந்தால் அது நம் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும். இருட்டறையில் நின்றுகொண்டு, 'காணவில்லை, ஆகவே இல்லை' என்று சொல்லமுடியாது.

அதைப் படித்த கையோடு அந்த அம்மாவிடம் போனேன். அவர் பிடிவாதக்காரி அல்ல, இருட்டறையில் நிறுத்தப்பட்டிருப்பவர் என்று சொன்னேன். விளக்கைக் கொண்டுவர வேண்டியவர்கள் கொண்டுவராதபோது, 'இல்லை என்று சொல்' என்று அவரை வற்புறுத்துவது நியாயமல்ல. அதேபோல், காணவில்லை என்பதை மட்டும் வைத்து, உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்லமுடியாது. இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன். 'தெரியாது' என்பதும் நேர்மையான ஒரு பதில்தான்.

நாட்டின் சட்டமும், பிந்தியாவது, இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. மரணப் பதிவு தொடர்பான 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இறந்துவிட்டார் என்று கூறாமல், காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் கூறும் சான்றிதழைப் பெற வழிசெய்தது. சொத்துக்களைக் கவனிக்கவும் உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கவும் அது பயன்படும். தேவையுள்ள சகோதரிகள் தங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அந்தத் தாளைப் பெறுவதால் தேடும் உரிமையைக் கைவிட்டதாக எவரும் எண்ண வேண்டாம்.

அம்மா கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நான் பொய் சொல்லத் தேவையில்லை" என்றார்.

என் படிப்பு அவருடைய கணவரைத் தேடித் தரவில்லை. தரவும் முடியாது. பொய் சொல்லாமல் வாழ அவருக்கு ஒரு வழி இருக்கிறது என்று எடுத்துக்காட்ட மட்டும் உதவியது. நான் பஸ் ஏறிப்போய்ப் படிப்பதற்கு எனக்கு அந்தக் காரணம் போதும்.

சகோதரிகளே, உங்கள் மகள் உயர்தர வகுப்பில் அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடத்தை எடுக்க ஆசைப்பட்டால், 'அது எதற்கு?' என்று தடுக்காதீர்கள். கேள்வி கேட்பதற்கு மணிமேகலை வேற்றுருவில் போகவேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் தங்கள் சொந்த முகத்தோடேயே போகட்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.