கோட்டைத் தாண்டினால் கோடியா?



நம்ம ஹாஸ்டல்ல இப்போது பாடப் புத்தகத்தைவிட அதிகமாகப் படிக்கப்படுவது பங்குச் சந்தை சார்ட்தான் என்றால் அது மிகையாகாது! "மச்சான், பிரேக்அவுட் ஆயிடுச்சு, உடனே வாங்குடா!" இது தினமும் கேட்கும் குரல். அது என்ன பிரேக்அவுட்? சற்றே பார்ப்போம்.

ஒரு பங்கு பல வாரமாக 90 ரூபாய்க்கும் 100 ரூபாய்க்கும் நடுவிலேயே சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100-ஐத் தொடும்போதெல்லாம் விற்பவர்கள் வந்துவிடுவதால் விலை இறங்கிவிடும். அந்த 100-தான் தடை. ஒருநாள் விலை அதைத் தாண்டி 103-ல் முடிகிறது. இதுதான் பிரேக்அவுட். ஆனால் விலையை மட்டும் பார்த்தால் பத்தாது. சார்ட்டின் அடியில் நிற்கும் வால்யூம் கம்பங்களையும் பார்க்கணும். தினம் 1 லட்சம் பங்கு கைமாறிய இடத்தில் அன்று 3 லட்சம் கைமாறியிருந்தால், விற்கக் காத்திருந்தவர்களின் சரக்கை வாங்க நிஜமாகவே ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். வால்யூம் இல்லாத பிரேக்அவுட், ஆள் வராத கூட்டத்தில் மைக் மட்டும் அலறுவது மாதிரி!

இதைக் கற்பதில் தப்பே இல்லை. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். லேபில் மைல்டு ஸ்டீல் கம்பியை இழுத்து கிராஃப் போட்டோமே, அதே ஸ்டீலில் இன்னொரு கம்பியை இழுத்தாலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் ஈல்டு ஆகும். ஏனென்றால், நாம் கிராஃப் போடுவது கம்பிக்குத் தெரியாது! சந்தையில் அப்படியா? அந்த கிராஃபை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். 100-ஐத் தாண்டியதும் நாம் ஓடிவருவோம் என்று தெரிந்தே, நம் தலையில் விற்றுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நாம் வாங்கும் ஒவ்வொரு பங்கையும் யாரோ ஒருவர் விற்கத்தானே செய்கிறார்? மறுநாள் விலை 97! நாலு பேர் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று வால்யூமையும் பொய்யாக ஏற்றிக் காட்ட முடியும்.

2024 ஜூலையில் செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022-23-ல் பங்குகளை அன்றன்றே வாங்கி விற்ற தனிநபர்களில் 10-க்கு 7 பேருக்கு நஷ்டம். 30 வயதுக்குக் குறைந்தவர்களில் 76 சதவீதம் பேருக்கு நஷ்டம்! அதாவது நம்ம வயசுக்காரர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

18 வயதானால் நம் பெயரில் நாமே கணக்கு தொடங்கி வியாபாரம் செய்யலாம், சரி. ஆனால் போடும் பணம் யாருடையது? எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். என் கையில் இருப்பது அப்பா மூட்டை தூக்கிய காசு. பத்தாயிரம் போனால் வசதியானவனுக்கு அது ஒரு பாடம். நமக்கு அது பரீட்சை ஃபீஸ், மெஸ் பில், தங்கச்சியின் புத்தகம்.

எனவே என் கருத்து இதுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பிரேக்அவுட் கண்ணில் பட்டால் தேதி, தடை விலை, அன்றைய வால்யூம், பத்து நாள் கழித்து விலை, இந்த நான்கையும் எழுதுங்கள். 50 பிரேக்அவுட் எழுதியபின் எத்தனை நின்றது, எத்தனை சரிந்தது என்று எண்ணுங்கள். லேப் ரெக்கார்டு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய விஷயமா? செலவு அந்த நோட்டின் விலை மட்டுமே!

— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்