மும்பையில் வீட்டு விலை ஏற ஏற வேலை ஏன் வெளியே போகிறது? யாருக்கு லாபம், யாருக்கு அலைச்சல்?

ஒரு பெருநகரத்தின் நடுப்பகுதியில் மக்கள்தொகை குறையுமா? மும்பையில் குறைந்தது.

கொலாபாவில் இருந்து மாஹிம், சயான் வரை உள்ள பழைய தீவுப் பகுதிதான் மும்பை நகர மாவட்டம். 2001 கணக்கெடுப்பில் அங்கே 33.38 லட்சம் பேர் இருந்தார்கள். 2011-ல் 30.85 லட்சம். பத்து வருஷத்தில் இரண்டரை லட்சம் பேர் குறைவு.

அதே பத்து வருஷத்தில் பாந்த்ரா, அந்தேரி, செம்பூர், முலுண்ட் அடங்கிய மும்பை புறநகர் மாவட்டத்தில் சுமார் 7 லட்சம் பேர் கூடினார்கள். அதைத் தாண்டி இருக்கும் தாணே மாவட்டத்தில்? 29 லட்சத்துக்கும் மேல். (இன்றைய பால்கர் மாவட்டமும் அப்போது தாணேயில்தான் இருந்தது. 2014-ல் தனியாகப் பிரிந்தது.)

இதற்கு வீட்டு விலை மட்டுமே காரணம் இல்லை. மில்கள் மூடின, குடியிருப்புகள் இருந்த இடத்தில் அலுவலகங்கள் வந்தன. ஆனால் வெளியே போன குடும்பங்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நம்ம கைக்கு எட்டுற விலையில வீடு அங்கதான் கிடைச்சது." மாட்டுங்காவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நகர்ந்ததும் இந்தப் பாதையில்தான்.

மும்பையில் வீடு ஏன் இவ்வளவு விலை?

மூன்று பக்கம் கடல் என்பது பாதிக் காரணம். மீதி, நாமே போட்டுக்கொண்ட விதிகள்.

ஒரு மனையில் எவ்வளவு பரப்பளவு கட்டலாம் என்பதற்கு எஃப்எஸ்ஐ என்ற அளவு உண்டு. 1991 விதிகளின்படி தீவுப் பகுதியில் அது 1.33, புறநகரில் 1. அதாவது 1,000 சதுர அடி மனையில் 1,330 சதுர அடிதான் கட்டலாம். சீரமைப்புத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு, பிறகு விதிகளும் தளர்ந்தன. ஆனாலும் பல வருஷங்கள் தேவை ஏறிய வேகத்துக்கு வீடுகள் வரவில்லை.

இன்னொன்று வாடகைச் சட்டம். 1947-ல் வந்த சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1940 அளவிலேயே நிறுத்தியது. குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் வாடகைக்கு விடுவதற்காக வீடு கட்டும் ஆசை உரிமையாளர்களுக்குப் போய்விட்டது. விளைவைப் பாருங்கள்: 2011 கணக்கெடுப்பின்படி மும்பையில் சுமார் 4.8 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. மத்திய அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கையே இதைச் சுட்டிக்காட்டியது.

சரி, ஆள் நகர்ந்தது புரிகிறது. வேலை எப்படி நகர்கிறது?

ஒரு கம்பெனி வீட்டு விலையை இரண்டு முறை கொடுக்கிறது. ஒன்று, அலுவலக வாடகை. இன்னொன்று, ஊழியரின் சம்பளத்துக்குள் ஒளிந்திருக்கும் வீட்டு வாடகை. நகரத்துக்குள் ஆள் வேண்டும் என்றால் கூடுதல் சம்பளம் தர வேண்டும், இல்லையென்றால் களைத்துப்போய் வரும் ஆளை வைத்து வேலை வாங்க வேண்டும்.

களைப்பையும் கணக்குப் போடலாம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாளுக்கு 75 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் ஒன்பது நாளுக்கு மேல் ரயிலிலேயே போகிறது.

எனவே ஒரு கட்டத்தில் கம்பெனி, ஆட்கள் இருக்கும் இடத்துக்கே போகிறது. முதலில் நரிமன் பாயிண்டில் இருந்து பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கு. பிறகு கணினி சார்ந்த வேலைகளும் பின்னணி அலுவலகங்களும் நவி மும்பையின் ஐரோலி, கன்சோலி பக்கம். கிடங்குகள் பிவண்டிக்கு. பிவண்டி வளர்ந்ததற்கு மலிவான நிலத்தோடு, 2017 வரை மும்பைக்குள் நுழையும் சரக்குக்கு இருந்த ஆக்ட்ராய் வரியும் ஒரு காரணம்.

அப்படியானால் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடுமா?

இல்லை. எல்லா வேலையும் நகர்வதில்லை.

கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலையை ஐரோலிக்குக் கொண்டுபோகலாம். தெற்கு மும்பை அடுக்குமாடியில் சமையல் செய்பவர், காவலாளி, மருத்துவமனையில் துப்புரவு செய்பவர் ஆகியோரின் வேலை அங்கேயேதான் இருக்கும். அவர்களின் வீடு மட்டும் தூரம் போகும். குறைந்த சம்பளக்காரருக்கு அதிகத் தூரம் என்பதே இந்த மாற்றத்தின் கசப்பான பகுதி. குழந்தைகளை வீட்டில் விட்டு வரும் பெண்களில் பலர் தூரத்தைப் பார்த்தே நல்ல வேலையை வேண்டாம் என்கிறார்கள். அது வேலையின்மை என்ற கணக்கில்கூட வருவதில்லை.

அடுத்து, வேலை வந்த இடத்திலும் விலை ஏறும். சிஎஸ்எம்டி நிலையத்தில் இருந்து தாணே சுமார் 34 கிலோமீட்டர். அங்கே விலை ஏறியதும் சுமார் 48 கிலோமீட்டரில் உள்ள டோம்பிவிலி. அதுவும் ஏறியதும் 68 கிலோமீட்டரில் பத்லாபூர். இப்போது 100 கிலோமீட்டரில் உள்ள கர்ஜத்திலும் மும்பை வேலைக்காரர்கள் வீடு பார்க்கிறார்கள்.

இந்தத் தூரத்துக்கு உயிரும் விலையாகிறது. 2025 ஜூன் 9-ம் தேதி மும்ப்ரா அருகே, நெரிசலான மின்சார ரயில்களின் வாசலில் தொங்கியபடி போன பயணிகள் தண்டவாளத்தில் விழுந்தார்கள். குறைந்தது நான்கு பேர் இறந்தார்கள். அது காலை அலுவலக நேரம்.

வரிப் பணம் யாருக்கு?

மும்பை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். கோவா, சிக்கிம் போன்ற சிறிய மாநிலங்களின் பட்ஜெட்டைவிட அதிகம். மும்பை அலுவலகக் கட்டடங்களின் சொத்து வரி இந்த மாநகராட்சிக்குத்தான் போகும். அங்கே வேலை செய்பவர் தூங்கப் போவது கல்யாண்-டோம்பிவிலியிலோ பத்லாபூரிலோ. அவருக்குத் தண்ணீர், சாலை, சாக்கடை தர வேண்டியது இந்த அளவுக்கு வசதியில்லாத வேறொரு உள்ளாட்சி.

தாராவியில் என்ன ஆகும்?

தாராவியில் கீழே பட்டறை, மேலே வீடு. வேலைக்குப் போக ஏணி ஏறி இறங்கினால் போதும். மறுசீரமைப்புத் திட்டப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பிறகு வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் வெளியே வேறு இடம். தோல், தையல் தொழிலில் இருக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு கிடைக்குமா என்பதோடு, அந்த வீட்டில் இருந்து வேலைக்கு எவ்வளவு தூரம் என்பதும் வாழ்வாதாரக் கேள்வி.

வேறு வழி உண்டா?

உண்டு, மும்பையே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. 1970-ல் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனம் நவி மும்பையை உருவாக்கியது. 1980-களிலும் 90-களிலும் மும்பையின் மொத்த வியாபாரச் சந்தைகள் வாஷிக்கு மாறின. கூடவே சுமை தூக்கும் மாத்தாடி தொழிலாளர்களுக்கு கோபர்கைரானே போன்ற இடங்களில் வீட்டுத் திட்டங்களும் வந்தன. குறைகள் இருந்தன, ஆனால் வேலையும் வீடும் சேர்ந்து நகர்ந்தன.

இதை 2024 ஜனவரியில் திறந்த அடல் சேதுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 21.8 கிலோமீட்டர் கடல் பாலம். திறந்தபோது காருக்கு ஒருவழிச் சுங்கம் 250 ரூபாய். பைக், ஆட்டோவுக்கு அனுமதி இல்லை.

குருகிராமோ பெங்களூருவின் வொயிட்ஃபீல்டோ, "புறநகர் வளர்கிறது" என்று செய்தி வரும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். எந்த மாதிரி வேலை வருகிறது? அந்த வேலை செய்பவர் அங்கே வாடகைக்கு இருக்க முடியுமா? அந்த ஊர் உள்ளாட்சியின் கையில் பணம் இருக்கிறதா?

2027-ல் அடுத்த மக்கள்தொகை கணக்கெடுப்பு. தீவு மும்பையில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று அப்போது தெரியும். கூடவே தாணே, பால்கர், ராய்காட் மாவட்டங்களின் எண்களையும் எடுத்து வைத்துப் பாருங்கள். மும்பையின் விலையைக் கொடுப்பவர்கள் அந்த எண்களில்தான் இருப்பார்கள்.