அம்மைக்கும் அப்பனுக்கும் நடுவே

சிவாலயப் பெருவிழாவில் பஞ்சமூர்த்திகள் புறப்பாட்டைக் காணாத அன்பர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். விநாயகர் முன்னே செல்ல, முருகன், சுவாமி, அம்பாள், நிறைவில் சண்டிகேசுவரர் என ஐவரும் எழுந்தருள்வர். அவர்களுள் நடுநாயகமாக விளங்கும் சுவாமியை உற்று நோக்கியதுண்டா? பல தலங்களில் அவர் தனியே வருவதில்லை. இடப்பக்கம் உமையம்மை, இருவருக்கும் நடுவே சிறு குழந்தையாகக் கந்தன். உமையோடும் கந்தனோடும் கூடியவர் என்பதே சோமாஸ்கந்தர் என்னும் திருநாமத்தின் பொருள். அம்பாளுக்கும் முருகனுக்கும் தனித்தனி வாகனம் உண்டு. ஆயினும் சுவாமியின் பீடத்திலும் அவர்களுக்கு இடம் உண்டு. பிள்ளை எத்தனை பெரியவனானாலும் பெற்றோருக்குக் குழந்தைதானே!

கருவறையில் உருவும் அருவுமாய் இலிங்கத் திருமேனி கொண்டவர், அடியாரைக் காண வீதிக்கு வரும்போது குடும்பத்தோடு வருகிறார். இந்தக் கோலத்தில் பல்லவர்களுக்கு இருந்த ஈடுபாடு பெரிது. காஞ்சி கயிலாசநாதர் ஆலயம் இராஜசிம்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. அங்கே கருவறையின் பின்சுவரில், இலிங்கத்துக்குப் பின்னால், சோமாஸ்கந்தர் புடைப்புச் சிற்பமாக வீற்றிருக்கிறார். மாமல்லைக் கடற்கரைக் கோயிலிலும் இதே கோலம். அவற்றில் கந்தன் அன்னையின் மடியில் அமர்ந்திருக்கிறான். சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலோ மடியைவிட்டு இறங்கி, அம்மைக்கும் அப்பனுக்கும் நடுவே தன் காலில் நிற்கிறான். சிலவற்றில் ஆடவும் செய்கிறான். ஈசனின் பின்னிரு கரங்களில் மழுவும் மானும். முன்வலக்கரம் அபயம் காட்டும். ஒரு திருவடி மடிந்திருக்க, மற்றொன்று தொங்கும். இறைவனை இத்தனை இல்லறச் சாயலோடு காட்டும் வடிவம் வேறொன்று உண்டோ என்று அடியேனுக்குத் தோன்றும்.

திருவாரூர்த் தியாகேசரும் சோமாஸ்கந்தரே. திருமால் தம் மார்பில் வைத்துப் பூசித்த மூர்த்தி. இந்திரனிடமிருந்து முசுகுந்தச் சக்கரவர்த்தி வாயிலாகப் பூவுலகு வந்தார் என்பது தல வரலாறு. திருமுகம் தவிர மற்ற திருமேனியை மலரும் பட்டும் மறைத்திருக்கும். மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் மட்டும் திருப்பாத தரிசனம் கிட்டும். நடுவிலிருக்கும் குழந்தையை மனத்தால்தான் காண வேண்டும். காஞ்சி நகரமே சோமாஸ்கந்த வடிவம் என்றும் பெரியோர் சொல்வர்: ஏகாம்பரநாதர் ஆலயத்துக்கும் காமாட்சியம்மன் ஆலயத்துக்கும் இடையேதான் குமரக்கோட்டம் அமைந்திருக்கிறது.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. செப்புத் திருமேனிகளில் கந்தனைப் பெரும்பாலும் தனியே வார்த்து, பீடத்தில் ஒரு துளையிட்டுப் பொருத்துவது வழக்கம். கைக்கு அடக்கமான சிறிய உருவம், எளிதில் கழன்றுவிடும். கலகக் காலத்தில் மண்ணுக்குள் மறைத்தபோது தவறியிருக்கலாம், களவும் போயிருக்கலாம். குழந்தையில்லாமல் துளை மட்டுமே எஞ்சிய சோமாஸ்கந்தர்களை அருங்காட்சியகங்களில் காணும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் சுவாமிக்குத் திருமஞ்சனம் கண்டேன். ஆடை, அணி யாவும் களைந்த பின்னர்தான் தெரிந்தது, நடுவிடம் வெறுமை. அருகிலிருந்த மூதாட்டி ஒருவர், "முருகன் எங்கே சாமி?" என்று கேட்டுவிட்டார். அவருடைய மகன் அயல்நாட்டில் இருக்கிறானாம். பின்னர் அவரே சொன்னார்.

குருக்கள் விடை ஏதும் கூறவில்லை. பால், தயிர், சந்தனம் என ஒவ்வொன்றையும் சுவாமிக்கும் அம்மைக்கும் அபிஷேகித்த பின், அந்தத் துளையின் மேலும் ஒரு சிறு கரண்டி வார்த்தார். தீபாராதனைக்கு முன் ஒற்றைச் செவ்வரளியை எடுத்து அவ்விடத்தில் நிறுத்தி வைத்தார். "எங்கள் தாத்தா காலத்திலிருந்தே இப்படித்தான், அம்மா" என்றார். மூதாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்தப் பூவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.