இரும்பைத் தேடிய இருபத்தாறு வருஷம்

அமெரிக்காவில் அரிஸோனா ராஜ்யத்தின் வறண்ட சமவெளியில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. குறுக்களவு சுமார் 1,200 மீட்டர். ஆழம் 170 மீட்டர். நாற்பது மாடி மாளிகை ஒன்றை உள்ளே நிறுத்தினால் அதன் உச்சிகூட வெளியே தெரியாது. இதை உண்டாக்கியது எது?

1891-ல் கில்பர்ட் என்னும் பேர்பெற்ற பூகர்ப்ப சாஸ்திரி அங்கே சென்றார். பள்ளத்தைச் சுற்றி விண்கல்லின் இரும்புத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. ஆயினும், பெரிய இரும்பு அடியில் புதைந்திருந்தால் காந்த ஊசி திரும்ப வேண்டுமே, திரும்பக் காணோமே என்று யோசித்து, பூமிக்குள்ளிருந்து நீராவி வெடித்ததால் ஏற்பட்ட பள்ளமே இது என்று தீர்ப்பளித்துவிட்டார். பெரியவர் சொன்னால் அப்பீல் ஏது? உலகமும் ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொள்ளாதவர் டேனியல் பாரிஞ்சர் என்ற சுரங்க நிபுணர். விண்கல் விழுந்துதான் இப்பள்ளம் உண்டாயிற்று என்று சாதித்து, 1903-ல் அந்த நிலத்தைக் கைவசப்படுத்திக்கொண்டார். அவர் சொன்னது வாஸ்தவம். ஆனால் விழுந்த கல் உள்ளே முழுசாக இருக்கிறது, தோண்டினால் கோடி டன் கணக்கில் இரும்பு கிடைக்கும் என்றும் நம்பினார். அங்கேதான் சனி பிடித்தது! துளைபோட்டார், சுரங்கம் வெட்டினார், தண்ணீர் ஊறிப் பெருகிற்று. சொத்து கரைந்ததேயன்றி இரும்பு அகப்படவில்லை.

காரணம், கல்லின் வேகம். சுமார் 50,000 வருஷங்களுக்கு முன் வந்த அந்தக் கல்லின் குறுக்களவு ஏறக்குறைய 50 மீட்டர். விநாடிக்குப் பல மைல் வேகத்தில் பாய்ந்தது கணப்பொழுதில் தடைபட்டதும், அவ்வளவு வேகமும் உஷ்ணமாகவும் அதிர்ச்சியாகவும் மாறியது. கல்லின் பெரும்பகுதி உருகி ஆவியாயிற்று. பாறை வெடித்து நாற்புறமும் தெறித்தது. ஆணி அடித்தாற்போல் கல் பூமியைத் துளைப்பதில்லை, வெடிகுண்டுபோல் வெடிக்கிறது. சாய்வாக விழுந்தாலும் பள்ளம் வட்டமாகவே அமைவது இதனால்தான்.

கல்லில் எஞ்சியது சொற்பமே என்று மௌல்டன் என்ற வானசாஸ்திரி 1929 நவம்பரில் கணக்கிட்டுக் காட்டினார். அந்த மாதம் 30-ந் தேதியே பாரிஞ்சர் மாரடைப்பால் காலமானார்.

1960-ல் ஷூமேக்கரும் அவருடைய சகாக்களும் அப்பள்ளத்தின் மணற்பாறையில் கோயசைட் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். அது உண்டாக வேண்டிய அழுத்தம் நீராவி வெடிப்புக்குக் கிடையாது. பாரிஞ்சரின் கட்சி ஜயித்தது.

அதிர்ச்சி பாறையில் விட்டுச் செல்லும் இத்தகைய அடையாளங்களைக் கொண்டே, எரிமலை வாய் என்று பலர் எண்ணியிருந்த நம் மராட்டிய நாட்டு லோணார் ஏரியும் விண்கல்லின் வேலையே என்று 1973-ல் நிரூபித்தார்கள்.